ஆலோசகரா, சக மாணவரா, கால அட்டவணையா? பொறியியல் துறை முதலில் எதில் கைவைக்கலாம்

மாணவர் நலனுக்கென்று துறைக்குக் கொஞ்சம் நிதி வந்திருக்கிறது, ஒரு செமஸ்டருக்குள் எதையாவது தொடங்கியாக வேண்டும், எதைத் தொடங்குவது? இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இளம் பேராசிரியர்கள். துறையில் வயதில் குறைந்தவர் யாரோ, அவர் தலையில்தான் இந்தப் பொறுப்பைக் கட்டுவார்கள். அவர்கள் கொண்டுவரும் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்: உளவியல் ஆலோசகர் ஒருவரை அமர்த்துவது, சக மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஆசிரியர்களை வழிகாட்டிகளாக்குவது, செயலியோ தொலைபேசி உதவியோ ஏற்பாடு செய்வது, பாடச் சுமையையும் தேர்வு முறையையும் திருத்துவது.

பட்டியலில் ஆறாவதாக ஒருநாள் பயிலரங்கும் இருக்கும். அதை இப்போதே அடித்துவிடலாம். மண்டபத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்து மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்று இரண்டு மணி நேரம் பேசினால், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய அறிக்கைக்கு இரண்டு மணி நேரம் குறைந்ததுதான் மிச்சம்.

ஒப்பீட்டுக்குள் வராத ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி ஒரு மாணவர் பேசினால் அங்கே வழிகளை எடைபோட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவரைத் தனியாக விடக் கூடாது. ஆபத்தான பொருள்களை அவர் கைக்கு எட்டாமல் அகற்ற வேண்டும். அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ மனநல மருத்துவரிடமோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அப்படி ஏதும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாததைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. கேளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

என் அளவுகோல்கள் ஐந்து. உதவி கேட்டு வராதவரை அந்த வழி எட்டுமா? எவ்வளவு ஆழமான பிரச்சினையைத் தாங்கும்? எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்? சொன்னது வெளியே போகாமல் இருக்குமா? யாரும் கணக்கில் எழுதாத செலவு எது, அதைச் சுமப்பவர் யார்?

முதல் அளவுகோலுக்கு நான் மற்ற நான்கையும்விட அதிக மதிப்புத் தருகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2016-ல் வெளியானது. மனநலச் சிக்கல் இருந்தும் சிகிச்சையை நாடியவர்களின் பங்கு எந்தத் துறையில் மிகக் குறைவு என்று பார்த்தால், வணிகவியலும் பொறியியலும்தான். இது எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஒரு மாலை ஆய்வகத்தைப் பூட்டப் போனபோது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் பிரெட்போர்டில் (சோதனைச் சுற்று அமைக்கும் துளைப் பலகை) கம்பிகளைப் பிடுங்குவதும் மறுபடி செருகுவதுமாக இருந்தார். சுற்றில் பிழை இல்லை. அலைக்காட்டியின் திரையில் அலை ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“வேலை செய்கிறதே, ஏன் பிரிக்கிறீர்கள்?”

“அறைக்குப் போகப் பிடிக்கவில்லை, சார்.”

இரண்டு கட்டடம் தள்ளி ஆலோசகர் ஒருவர் அந்த ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்தார். அவரைப் போய்ப் பார்க்கலாமே என்றேன். “என்ன கோளாறு என்று எனக்கே தெரியவில்லை. போய் என்ன சொல்வது?” என்றார்.

கோளாறைக் கண்டுபிடித்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்புத் திட்டம் ஒன்று 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் விசாரித்து 2018-ல் முடிவை வெளியிட்டது. வாழ்நாளில் எப்போதாவது பொதுவான மனநோய்களுள் ஒன்றாவது இருந்ததற்கான அறிகுறி 35 சதவீதம் பேரிடம் தென்பட்டது. தனிமை, தூக்கமின்மை, முதல் அரியர் தந்த அதிர்ச்சி என்று ஒரு பக்கம். ஆழ்ந்த மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு என்று மறு பக்கம். ஒரே வழி இரண்டையும் தாங்காது.

## ஆலோசகர்

தகுதி பெற்ற உளவியல் ஆலோசகர் வாரத்துக்கு 25 அமர்வு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு எழுதவும் அவசரங்களைக் கவனிக்கவும் மீதி நேரம் போய்விடும். 15 வாரச் செமஸ்டரில் 375 அமர்வு. ஒருவருக்கு 6 என்றால் 62 பேர். மனச்சோர்வுக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் முறை) 12 அமர்வாவது வேண்டியிருக்கும் என்று பார்த்தால் 31 பேர். ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் தரும் சர்வதேச அமைப்பொன்று 1,000 முதல் 1,500 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. அந்த விகிதம் எவ்வளவு மெல்லிய போர்வை என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.

காத்திருப்பு அடுத்த சிக்கல். ஒரே சாளரம், ஒழுங்கற்ற வருகை என்ற எளிய வரிசைக் கோட்பாட்டு மாதிரியில், சாளரம் 80 சதவீத நேரம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு சேவை நேரத்தைப்போல 4 மடங்கு. 95 சதவீதம் நிரம்பினால் 19 மடங்கு. ஆலோசகரின் நாட்குறிப்பில் வேண்டுமென்றே சில கட்டங்களைக் காலியாக விட்டால்தான் இன்று உடைந்து வருகிறவரை இன்றே பார்க்க முடியும். நிர்வாகத்தின் கண்ணுக்கு அந்தக் காலிக் கட்டங்கள் வீணாகத் தெரியும். நிதி கேட்கும்போதே இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாதாடி வெல்ல முடியாது.

இன்னொரு மறைசெலவு, ஆலோசகர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது. துறைத் தலைவருக்கு மாதம் ஒரு பட்டியல் போகிறது என்ற வதந்தி ஒருமுறை கிளம்பினால் போதும், அறை காலியாகிவிடும். எண்ணிக்கை மட்டும் போகட்டும், பெயர் எங்கேயும் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் இந்த விதி தளரும் என்பதையும் மாணவரிடம் முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆலோசகர் வந்துவிட்ட உற்சாகத்தில் எல்லா மாணவருக்கும் ஒரு வினாத்தாள் அனுப்பிப் பார்த்தால் என்ன என்ற ஆசை வரும். பொறியாளர்களுக்கு அளவீடு என்றால் கொள்ளைப் பிரியம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 என்ற கேள்வித்தாள் 2001-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது: ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கூடுதலாக விசாரிப்பது வழக்கம். அது சல்லடைதான், நோய் என்று தீர்மானிப்பது நிபுணரின் வேலை. நான் கவலைப்படுவது ஒன்பதாவது கேள்வியைப் பற்றி. செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. ஒரு மாணவர் வெள்ளி இரவு அதற்கு ‘ஏறக்குறைய தினமும்’ என்று குறித்து அனுப்ப, நீங்கள் திங்கள் மதியம் விரிதாளைத் திறந்தால்? அன்றைக்கே படித்து அன்றைக்கே அழைக்க ஆள் இல்லாத துறை அந்தத் தாளை அனுப்பவே கூடாது.

## சக மாணவர் குழு

1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவரை நேரில் பார்க்க வந்து காத்திருந்தவர்களோடு தன்னார்வலர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசியதிலேயே மனம் லேசாகிப் பலருக்கு அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு தன்னார்வலர்களின் அமைப்பாக மாறியது இப்படித்தான். சக மாணவர் குழுவுக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியாது. ஆய்வகத்தில் கம்பி பிடுங்கிக்கொண்டிருந்தவரை எனக்கு முன்பே கவனித்திருக்கக் கூடியவர் அவருடைய அறைத்தோழர்தான்.

மனநல முதலுதவி என்ற பயிற்சி 2000-வாக்கில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர், ஆந்தனி ஜோர்ம் இருவராலும் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பயிற்சி பெற்றவரின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடுகின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு. அவரிடம் உதவி பெற்றவரின் நிலை தேறுகிறதா என்பதற்குச் சான்று பலவீனம். எனவே இதைச் சிகிச்சையாக நினைக்காமல், சிகிச்சைக்கு வழிகாட்டும் பலகையாக நினைத்துச் செய்தால் ஏமாற்றம் இல்லை.

மறைசெலவு இங்கே முழுக்க மாணவர் தலையில் விழுகிறது. இருபது வயதுக்காரர் ஒருவர் நள்ளிரவில் கேட்ட ரகசியத்தை வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு வெப்ப இயக்கவியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். வாரம் ஒருமுறை அவர்களை உட்காரவைத்துக் கேட்கத் தேர்ந்தவர் ஒருவர் இல்லாமல் இந்தக் குழுவைத் தொடங்குவது, பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஆளைக் கோபுரத்தில் ஏற்றுவதுதான். உயிருக்கு ஆபத்தான எதையும் ரகசியமாக வைத்திருக்க மாட்டேன் என்ற விதியை அவர்கள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

பொறியியலுக்கே உரிய ஒரு முடிச்சும் உண்டு. வகுப்புச் சராசரியை வைத்துத் தரம் போடும் துறையில் பக்கத்து இருக்கைக்காரர் போட்டியாளரும்கூட. ‘நான் தேறமாட்டேன் என்று பயமாக இருக்கிறது’ என்று அவரிடம் யார் சொல்வார்? குழுவில் ஓராண்டு மூத்தவர்களைப் போடுங்கள்.

## ஆசிரியர் வழிகாட்டி

அறிகுறிகள் முதலில் வந்து விழுவது ஆசிரியர் மேசையில்தான். ரெக்கார்டு நோட்டு மூன்று வாரமாக வரவில்லை. நன்றாகப் பேசுகிறவர் வைவாவில் ஊமையாகிவிடுகிறார். குழு புராஜெக்டில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கிறது, ஆளைக் காணோம். இவற்றைக் கோத்துப் பார்த்து, ‘இரண்டு வாரமாக உங்களைக் காணவில்லையே, எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

அதற்கு மேல் ஆசிரியரிடம் எதிர்பார்க்காதீர்கள். மதிப்பெண் போடும் கையிடம் மனதைத் திறக்க மாணவருக்குத் தயக்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும். வழிகாட்டி, அந்த மாணவருக்குப் பாடம் எடுக்காதவராக இருந்தால் தயக்கம் பாதியாகும். வழிகாட்டும் நேரம் பணிச்சுமைக் கணக்கில் ஏறாவிட்டால் மனமுள்ள மூன்று ஆசிரியர்கள் வாசலில் எல்லாரும் நிற்பார்கள். அந்த மூவரும் சீக்கிரமே களைத்துப்போவார்கள்.

## செயலியும் தொலைபேசியும்

1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதன் வளர்ச்சியைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு சற்று உரையாடியபின், ‘நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்று அவரை அனுப்பிவிட்டாராம். முகம் பார்க்காத ஒன்றிடம் பேசுவது மனிதருக்கு எவ்வளவு எளிது என்பது அன்றே தெரிந்த சங்கதி. உதவி கேட்கக் கூசுகிற பொறியியல் மாணவருக்கு இந்த வாசல் பொருந்தும்.

இணையவழி அறிதல் நடத்தைச் சிகிச்சை பலன் தருகிறது. ஆனால் கூடவே ஒரு மனிதர் வாரம் ஒருமுறையாவது எட்டிப்பார்த்து ஊக்கம் தரும் வகைதான் பொதுவாக அதிகப் பலன் தருகிறது. தானாக ஓடும் வகையைப் பாதியில் கைவிடுகிறவர்கள் ஏராளம். எனவே ‘செயலி வாங்கிவிட்டோம், ஆள் தேவையில்லை’ என்ற கணக்கு தப்பு. தரவு யாரிடம் போகிறது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில்தான் உள்நுழைய வேண்டும் என்று வைத்தால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

தொலைபேசி உதவிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. இரவு இரண்டு மணிக்கு மனிதக் குரலோடு விழித்திருப்பது அது ஒன்றுதான். பெரும்பாலும் துறைக்குச் செலவும் இல்லை. எண்ணை ஆய்வகச் சுவரிலும் ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையிலும் அச்சிடுங்கள். அச்சிடுவதற்கு முன் நீங்களே ஒருமுறை அழைத்து, எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

## பாடச் சுமையைத் திருத்துவது

பட்டியலில் கடைசியில் நிற்கும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஒரு செமஸ்டரில் ஐந்து பாடம், இரண்டு ஆய்வகம். எல்லா ஆசிரியரின் தேதிகளையும் வாங்கி ஒரே தாளில் வாரவாரியாக எழுதிப் பார்த்தேன். 9-ஆம் வாரத்தில் மூன்று தேர்வு, இரண்டு ஆய்வக அறிக்கை, ஒரு புராஜெக்ட் மறுஆய்வு. 6-ஆம் வாரம் வெறுமையாக இருந்தது. யாரும் மாணவரை வதைக்க நினைக்கவில்லை. பாதிப் பாடம் முடிந்ததும் தேர்வு வைப்பது எல்லாருக்கும் தோன்றும் யோசனை. ஐந்து பேரில் மூவருக்கு அது ஒரே வாரத்தில் தோன்றியிருக்கிறது. ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்ததில்லை.

இரண்டு முனையிலும் தாங்கிய உத்திரத்தின் நடுவில் ஒரே இடத்தில் வைத்த எடை உண்டாக்கும் பெரும வளைவுத் திருப்புத்திறன் (உத்திரத்தை வளைக்கும் தாக்கத்தின் உச்ச அளவு), அதே எடையை நீளம் முழுக்கச் சீராகப் பரப்பினால் சரிபாதியாகிவிடும். இதை முதலாண்டு மாணவருக்குக் கரும்பலகையில் நிறுவிக் காட்டுகிறவர்கள், தங்கள் தேர்வுத் தேதிகளுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை. இரண்டு தேர்வுகளை நகர்த்த எங்கள் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பிடித்தது. ‘நாங்கள் எல்லாம் இப்படிப் படிக்காமலா வந்தோம்?’ என்ற வசனம் இரண்டு முறை வந்தது. இந்த வழியின் மறைசெலவு அதுதான்: பணம் தேவையில்லை, பெரியவர்களின் வீம்பைக் கடக்க வேண்டும். இந்த வேலைக்கு மூத்த பேராசிரியர் ஒருவரை முன்னே நிறுத்துங்கள். இளையவர் பேசினால் எடுபடாது.

ஒப்படைக்கும் நேரத்தையும் பாருங்கள். நள்ளிரவு 12 மணி என்று வைப்பது பழக்கமாகிவிட்டது. காலை ஏழுக்கு எழுந்தவர் அப்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக 1997-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. விடிய விடிய விழித்தவர் மறுநாள் காலை கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பார். மாலை 5 மணி என்று மாற்ற ஒரு வரி போதும்.

அரியர் விதிகள் அடுத்து. முதலாண்டுக் கணிதத்தில் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டின் மூன்று பாடங்களில் சேர முடியாது, அந்தக் கணிதமோ ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்றால், ஒரு தோல்வியின் விலை ஓர் ஆண்டு. சில வாரங்களில் ஒரு மறுதேர்வு வைத்தால் விலை சில வாரங்கள். மாணவரின் பயம் மதிப்பெண்ணைப் பற்றியது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது இந்தச் சங்கிலியைப் பற்றியது.

தரப்படுத்தலைத் தொடுவது கடினம், ஆனால் முன்மாதிரி உண்டு. எம்.ஐ.டி. 1968-ல் முதலாண்டு மாணவருக்குத் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளத் தொடங்கியது. இன்றும் முதல் செமஸ்டரில் தேறாத பாடம் வெளியே காட்டும் சான்றிதழில் ஏறுவதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவ மாணவரிடம் இப்படி மாற்றியதில் மனநலம் மேம்பட்டது, கற்றல் குறையவில்லை என்று 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவத்துக்குப் பொருந்தியது பொறியியலுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முயன்று பார்க்கப் போதுமான காரணம்.

கேட்டு வராதவர் எல்லாரையும், ஒருவர் விடாமல், எட்டும் வழி இது ஒன்றுதான். ஆனால் இதன் எல்லையும் தெளிவானது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பல்கலைக்கழக வயதே அந்த வயதுதான். எவ்வளவு நேர்த்தியான கால அட்டவணையும் இருமுனைக் கோளாற்றைத் தடுக்காது, இழப்பின் துயரத்தை ஆற்றாது.

## ஒரே பார்வையில்

| வழி | கேட்டு வராதவரை எட்டுமா | எவ்வளவு ஆழம் தாங்கும் | எப்போது கிடைக்கும் | ரகசியம் | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| ஆலோசகர் | அரிது | அதிகம் | நாட்குறிப்பில் இடம் இருந்தால் உடனே | விதி சரியாக இருந்தால் உறுதி | காலிக் கட்டங்கள், மேற்பார்வை |
| சக மாணவர் | ஓரளவு | குறைவு | உடனே | ஆளைப் பொறுத்தது | உதவுபவரின் மனச்சுமை |
| ஆசிரியர் | ஆம் | மிகக் குறைவு | வாரத்துக்குள் | பாதி | கணக்கில் வராத உழைப்பு |
| செயலி | ஓரளவு | லேசானது முதல் நடுத்தரம் வரை | எப்போதும் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | பாதியில் கைவிடல் |
| தொலைபேசி | ஓரளவு | அவசரத்தில் கைகொடுக்கும், தொடர் சிகிச்சை ஆகாது | எப்போதும் | நல்லது | ஏறக்குறைய இல்லை |
| பாடச் சுமை | முழுவதும் | நோய்க்கு மருந்தாகாது | அடுத்த செமஸ்டர் | கேள்வியே எழாது | பேராசிரியர்களின் சம்மதம் |

## உங்கள் நிலை எதுவோ, அதற்கேற்ப

நிதியே இல்லை என்றால்: தேதித் தாளை இந்த வாரமே போடுங்கள், உதவி எண்ணை அச்சிடுங்கள், அருகிலுள்ள மனநல மருத்துவரோடு பேசி, அவசரத்தில் எந்த நேரத்தில் யாரை அழைக்கலாம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் செலவு காகிதம்தான்.

பாதிச் சம்பளத்துக்கு நிதி இருக்கிறது என்றால்: முழுநேரச் செயலி ஒப்பந்தத்தைவிட அரைநேர ஆலோசகர் மேல். சக மாணவர் குழுவைத் தொடங்கும் ஆசை இருந்தால் அவர் வந்து ஒரு செமஸ்டர் ஆன பிறகு தொடங்குங்கள். அவர்களைக் கேட்க ஆள் இருக்கும்.

தொலைதூரப் படிப்பு, அல்லது மாணவர்கள் பல வளாகங்களில் சிதறியிருக்கிறார்கள் என்றால் செயலியும் தொலைபேசியும் முன்னுக்கு வரும். ஆனால் வாரம் ஒருமுறை அவர்களை எட்டிப்பார்க்கும் மனிதருக்கும் சேர்த்து நிதி கேளுங்கள்.

அண்மையில் துறையில் ஒரு மாணவரின் உயிர் போயிருக்கிறது என்றால் இந்த வரிசை முழுவதையும் ஒதுக்கி வையுங்கள். முதல் சில வாரங்களுக்கு வெளியிலிருந்து தேர்ந்த ஆலோசகர்கள் வேண்டும். வகுப்பில் அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதை அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். தேர்வுகளைத் தள்ளி வையுங்கள்.

ஆலோசகரை அமர்த்துவது என்று முடிவானால் கடைசியாக ஒன்று: அறை. நிர்வாகக் கட்டடத்தின் கோடியில், கதவில் பெயர்ப்பலகையோடு ஓர் அறையைத் தருவார்கள். வாங்காதீர்கள். அந்தப் பக்கம் நடந்தாலே எங்கே போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். உதிரி பாகங்கள் கொடுக்கும் அறைக்கும் மின்னணு ஆய்வகத்துக்கும் நடுவே, இரண்டு வாசல் உள்ள ஓர் அறை எங்கள் துறையில் பழைய அலைக்காட்டிகளை அடுக்கி வைத்த கிடங்காக இருந்தது. அதைக் காலி செய்து கேட்டு வாங்கினோம். அங்கே வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு பிரெட்போர்டு இருக்கும். யாராவது கேட்டால் மின்தடையம் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.